சிவப்பிலும் கறுப்பிலும் ஓர் அடக்கப் புத்தகம்

(மரித்த விசுவாசிகளின் மாதத்தில் ஒலித்த வானொலிச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 2ஆம் தேதி காசிமேடு கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையிலேயே குடும்பம் குடும்பமாக வந்துவிடுகிறார்கள். கல்லறையைக் கழுவுகிறார்கள், சாமந்தி மாலை போடுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கடல்காற்று அதை அணைக்கிறது. கையை மறைப்பாக வைத்து மறுபடி ஏற்றுகிறார்கள். மாலைவரை இதுதான் நடக்கும். காற்றும் விடுவதில்லை, நம் ஜனங்களும் விடுவதில்லை.

சென்ற ஆண்டு ஓர் அடக்கம் முடிந்து நான் புறப்படும்போது, துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அன்று அடக்கமானவர் அவருடைய தகப்பனார். என் கையிலிருந்த சடங்குப் புத்தகத்தைக் காட்டி, “ஃபாதர், இந்தப் புக்குல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கா? பெரிய ஆளுங்களுக்கு வேற இருக்கா?” என்று கேட்டார். எனக்கு அடுத்த அடக்கம் காத்திருந்தது. “எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். அந்தப் பதில் அவருக்குப் போதியதோ என்னவோ, எனக்குப் போதவில்லை. ஆகவே இன்று அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த முறை குருவானவர் அடக்கச் சடங்கு நூலைத் திறக்கும்போது, எட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். இரண்டு நிறத்தில் எழுத்து இருக்கும். கறுப்பு எழுத்தில் இருப்பது வாயால் சொல்ல வேண்டியது. சிவப்பு எழுத்தில் இருப்பது செய்ய வேண்டியது: இங்கே தீர்த்தம் தெளிக்கவும், இங்கே தூபம் காட்டவும், இங்கே சற்று மௌனமாக நிற்கவும். இந்தச் சிவப்புக் குறிப்புகளுக்கு வழிபாட்டு மொழியில் ‘ரூப்ரிக்’ என்று பெயர். சிவப்பு என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அச்சு பிறப்பதற்கு முன்பே, கையால் எழுதிய காலத்திலேயே வந்துவிட்ட வழக்கம் இது.

உங்களில் 70 வயதைத் தாண்டியவர்கள் பழைய முறையைச் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். குருவானவர் கறுப்புப் பூசை உடுப்பில் வருவார். எல்லாம் இலத்தீன். பாடகர் குழுவில் இரண்டு மூன்று பேர் ‘லிபேரா’ பாடுவார்கள். பொருள் தெரியாவிட்டாலும் அந்த இராகமே வயிற்றைப் பிசையும். பிரேதம் இல்லாத நினைவுப் பூசைகளில் கோயிலின் நடுவே தூம்பா வைப்பார்கள். கறுப்புத் துணி போர்த்திய வெறும் பாடை, சுற்றிலும் மெழுகுத்திரிகள். இந்த வெறும் பாடையைப் பற்றிப் பிறகு ஒரு சொல் சொல்ல வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இப்படிப்பட்ட அடக்கச் சடங்குகளுக்காக ஆசியாவில் அச்சான நூல்களில் மிக அரிய ஒன்றைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அது ஜப்பானில் நாகசாகி நகரில் 1605ஆம் ஆண்டு அச்சானது. அந்நாட்டின் ஆயராக இருந்த லூயிஸ் செர்க்கெய்ரா தம் குருக்களுக்காகத் தொகுத்த அருட்சாதனக் கையேடு அது. ஞானஸ்நானம், திருமணம், நோயாளிகளுக்குப் பூசுதல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதில் இசைக்குறிப்போடு அச்சிடப்பட்ட 19 இலத்தீன் பாடல்களில் பெரும்பகுதி அடக்கத்துக்கு உரியவை. ஜப்பானில் அச்சாகி இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் மேற்கத்திய இசைநூல்களில் இதுவே மிகப் பழையது. உலகில் இப்போது இருப்பவை சில பிரதிகளே. ஒன்று டோக்கியோவில் சேசு சபையார் நடத்தும் சோஃபியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நாகசாகியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். அந்த அச்சுப்பொறி நம் வாசல் வழியாகத்தான் போயிற்று. கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறியது கத்தோலிக்கச் செபங்களுக்காக என்பது உங்களுக்குத் தெரியும். 1577இல் கோவாவில் யோவான் கொன்சால்வஸ் என்ற சேசு சபைச் சகோதரர் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தார். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. 16 பக்கச் சிறு நூல். அதை மொழிபெயர்த்தவர் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து உழைத்த ஹென்றிக்கஸ் அடிகளார். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தத் துறையின் பரதவ மக்கள், கடலில் மூழ்கிச் சம்பாதித்தவர்கள். 1580இல் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் நூலும், 1586இல் அர்ச்சியசிஷ்டவர்களின் வரலாறும் தமிழில் வந்தன. இராயப்பர் பெயரைத் தாங்கிய ஊரில் குடியிருக்கும் கடலோர மக்களாகிய நாம் இதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தப்பில்லை.

இதே ஆண்டுகளில்தான் ஜப்பானியக் கிறிஸ்தவ இளைஞர் நால்வர் கப்பலேறி உரோமைக்குத் தூது போனார்கள். 1582இல் புறப்பட்டு 1590இல் திரும்பினார்கள். எட்டு ஆண்டுப் பயணம்! அனுப்பியவர் வலிஞ்ஞானோ என்ற சேசு சபை மேலாளர். அவர்களோடு போன கொன்ஸ்தந்தீனோ தோராதோ என்ற ஜப்பானியரை ஐரோப்பாவில் அச்சுத் தொழில் கற்றுவரச் செய்தார்கள். திரும்பும் வழியில் அவர்கள் கோவாவில் தங்கினார்கள். கொண்டுவந்த பொறியைக் கொண்டு, தூதுவர்களில் ஒருவரான மார்த்தினோ ஹாரா ஆற்றிய இலத்தீன் உரையைத் தோராதோ அங்கேயே 1588இல் அச்சிட்டார். இந்திய மண்ணில் ஒரு ஜப்பானியர் கையால் அச்சான நூல். பிறகு அந்தப் பொறி மக்காவு போய், 1590இல் ஜப்பானில் இறங்கியது. தமிழ் எழுத்து பிறந்த அதே கோவாக் கல்லூரி வளாகத்து உலகம்தான் நாகசாகியின் அச்சகத்துக்கும் ஒரு படிக்கட்டாக இருந்தது.

இனி அச்சு வேலைக்கு வருகிறேன். இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மண்ணடி, பிராட்வே பக்கம் டிரெடில் மெஷினில் இரண்டு வண்ண நோட்டீசு அடித்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது உடனே புரியும்.

கை அச்சுப்பொறியில் ஒரே இழுப்பில் இரண்டு நிறம் வராது. ஒவ்வொரு தாளும் இரண்டு முறை பொறிக்குள் போக வேண்டும். சிவப்புக்கு ஒருமுறை, கறுப்புக்கு ஒருமுறை. அந்தக் காலத்துச் சிவப்பு மை சாதிலிங்கப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துச் செய்தது. கறுப்பு மை புகைக்கரியில் செய்தது. மை நன்றாகப் பிடிப்பதற்காகத் தாளை முன்கூட்டியே ஈரமாக்குவார்கள். இங்கேதான் சிக்கல். முதல் நிறம் அடித்து முடிப்பதற்குள் தாள் உலரத் தொடங்கினால் சுருங்கும். சுருங்கினால் இரண்டாவது நிறம் தன் இடத்தில் விழாது. தாள் நகராமல் இருக்க ஊசி குத்தி நிறுத்துவார்கள். இரண்டாம் முறை அதே ஊசித் துளையில் மாட்டுவார்கள்.

சொற்கள் மட்டும் என்றால் கொஞ்சம் விலகினாலும் படித்துவிடலாம். பாட்டுக்கு அது நடக்காது. அந்த நூலில் இசைக்கோடுகள் சிவப்பு, சுரங்களைக் காட்டும் சதுரப் புள்ளிகள் கறுப்பு. ஒரு புள்ளி கோட்டின்மேல் இருந்தால் ஒரு சுரம், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் வேறு சுரம். கறுப்பு ஒரு நூலிழை மேலே ஏறி விழுந்தால் பாட்டே மாறிப்போகும். செத்தவருக்குப் பாடும் பாட்டு அபசுரமாகிவிடக் கூடாதே என்று ஊசித் துளையைத் தேடித் தேடித் தாளை மாட்டிய அந்த அச்சகத்தார் கைகளை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. உரோமைத் திருச்சபை முழுமைக்குமான சடங்கு நூலைத் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்டது 1614இல். நாகசாகிக்காரர்கள் அதற்கு 9 ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள்.

ஏன் இந்தப் பாடு? சாவுக்குப் பாட அங்கே அவ்வளவு அவசரமா என்று கேட்டால், ஆம் என்பதுதான் பதில். ஜப்பானியத் திருச்சபையில் அடக்கம் என்பது மறையுரைக்குச் சமமாக இருந்தது. அக்காலத்தில் அந்நாட்டில் ஏழைகளின் பிரேதத்துக்கு மரியாதை குறைவு. பிணம் தூக்குவதும் குழி வெட்டுவதும் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள்மேல் சுமத்திய வேலை. இது நமக்குப் புதிதல்ல, சொல்லவே வேண்டாம். தகாத்சுகி என்ற ஊரின் தலைவர் தாரியோ தகாயாமாவும் அவர் மகன் யூஸ்தோ தகாயாமா உக்கோனும் ஏழைக் கிறிஸ்தவர்களின் பாடையைத் தங்கள் தோளிலேயே சுமந்தார்கள். ஊரை ஆளும் பிரபு ஒரு கூலிக்காரனின் பாடையைத் தூக்கினால் வீதி எப்படி நின்று பார்த்திருக்கும்! இந்த உக்கோன்தான் பிறகு விசுவாசத்துக்காக நாடு கடத்தப்பட்டு 1615இல் மணிலாவில் இறந்தார். 2017 பிப்ரவரி 7ஆம் தேதி ஒசாகாவில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய வெட்கம் தமிழகத் திருச்சபைக்கு உண்டு. அப்படிப்பட்ட நாம் இந்தத் தகப்பனையும் மகனையும் கொஞ்சம் நேரம் உற்றுப் பார்ப்பது நல்லது.

பாடை ஏழையுடையதாக இருந்தாலும் பாட்டு அதே பாட்டு. ஆயர் செர்க்கெய்ரா அச்சிட்டுக் கொடுத்த புத்தகத்தில் பிரபுவுக்குத் தனிப் பக்கம், கூலிக்காரனுக்குத் தனிப் பக்கம் என்று இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. ஐரோப்பாவில் இதே மரித்தோர் செபங்கள் படங்களோடும் வந்தன. 1490களில் பாரீசில் பிகுஷே, வோஸ்த்ர் போன்ற அச்சகத்தாரும் பதிப்பாளர்களும் வெளியிட்ட செபப் புத்தகங்களில், மரித்தோர் செபப் பக்கங்களின் ஓரத்தில் சாவின் நடனம் என்ற படவரிசை உண்டு. எலும்புக்கூடு ஒன்று திருத்தந்தையின் கையைப் பிடித்து இழுக்கும், அடுத்த படத்தில் அரசனை, அடுத்ததில் உழவனை. யாரையும் விடாது. கருத்து நல்லதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க உழவனுக்கு வழியில்லை. படத்தில் இருந்தான், அவ்வளவே.

நாகசாகிக்குத் திரும்புவோம். 1614இன் தொடக்கத்தில் அரசு கிறிஸ்தவ மறையை நாடு முழுவதும் தடை செய்தது. அந்தச் செய்தி வந்த வேளையில் ஆயர் செர்க்கெய்ரா நோயுற்றிருந்தார். பிப்ரவரியில் இறந்தார். அடக்கப் புத்தகத்தைத் தந்த மனிதர், அதைக் கொண்டு வெளிப்படையாக அடக்கம் செய்யக்கூடிய கடைசி மாதங்களில் போய்ச் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் குருக்கள் கப்பலேற்றப்பட்டார்கள், கோயில்கள் இடிக்கப்பட்டன, அச்சுப்பொறியும் மக்காவுக்குப் போய்விட்டது. ஒளிந்து வாழ்ந்த குருக்களும் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டபின் அந்த நாட்டில் பூசை வைக்க ஒருவரும் இல்லை.

குரு இல்லை, புத்தகம் இல்லை. சாவு மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்த வீடுகளில் என்ன செய்திருப்பார்கள்?

ஆயர் செர்க்கெய்ரா இன்னொரு சிறு நூலையும் விட்டுப் போயிருந்தார். 1603இல் அவர் காலத்தில் வெளிவந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில், சாகும் வேளையில், உத்தம மனஸ்தாபப்படுவது எப்படி என்று சொல்லும் நூல். நம் பாட்டிமார் மனஸ்தாப மந்திரம் சொல்லிக் கொடுத்தார்களே, அதேதான். அச்சுப் பிரதிகள் அழிந்தன. ஆனால் மக்கள் அதைக் கையால் படியெடுத்து, மனப்பாடம் செய்து, மரணப் படுக்கையின் அருகே உட்கார்ந்து காதில் சொன்னார்கள். ஒரு தலைமுறை இரண்டு தலைமுறை அல்ல, 250 ஆண்டுகள்.

அடக்கம் அவர்கள் கையில் இல்லை. அரசின் கட்டளைப்படி ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த மடத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சாவுச் சடங்கை அந்த மடத்துத் துறவிதான் நடத்த வேண்டும். பௌத்தத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஓர் அரசு ஒரு மதத்தைக் காவல்காரனாக்கி இன்னொரு மதத்தை வேவு பார்த்த கதை இது. துறவி முன் அறையில் மந்திரம் ஓதும்போது, அடுத்த அறையில் சிலர் உட்கார்ந்து, அந்த ஓதல் தங்கள் மனிதரைக் கட்டாதிருக்கட்டும் என்று மெல்லிய குரலில் ஒரு செபம் சொல்வார்கள். அந்தச் செபத்துக்குத் தனிப் பெயரே இருந்தது. நினைத்துப் பாருங்கள், சொந்தத் தாயின் பிரேதம் முன்னால் கிடக்க, அவளுக்கான செபத்தை அடுத்த அறையில் முணுமுணுக்க வேண்டிய நிலைமை.

1865 மார்ச் 17ஆம் தேதி, நாகசாகியில் வெளிநாட்டவருக்காகக் கட்டிய புதுக் கோயிலுக்கு ஊராகாமி கிராமத்தார் சிலர் வந்து, பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம், எங்கள் உள்ளமும் உங்கள் உள்ளமும் ஒன்றே என்ற பொருளில் பேசி, மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். இந்த நிகழ்ச்சியை நீங்கள் பல மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். பலரும் இங்கேயே கதையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து நடந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியம். 1867இல் ஊராகாமியில் ஒரு குடும்பம் மடத்துத் துறவியை அழைக்காமல் தங்கள் வீட்டுச் சாவைத் தாங்களே அடக்கம் செய்தது. பிறகு வேறு குடும்பங்களும் அப்படியே செய்தன. ஒளிந்தே செபிப்பதைக்கூடக் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம்; அடக்கத்தை அரசு பொறுக்கவில்லை. கைதுகள் தொடங்கின. அடுத்த ஆண்டுகளில் அந்தக் கிராமத்தார் 3,300க்கும் மேற்பட்டோர் பல மாநிலங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்டோர் அந்த நாடு கடத்தலில் இறந்தார்கள். 1873இல் தடை நீங்கியது, மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள்.

ஞானஸ்நானத்துக்காக அல்ல, பூசைக்காக அல்ல, பெற்றவர்களைத் தங்கள் செபத்தோடு மண்ணில் வைக்கும் உரிமைக்காக எழுந்த சோதனை அது.

இதற்கு நடுவில்தான் படம் வருகிறது. 1868இல் தெ ரோ என்ற பிரெஞ்சு மறைபோதகர் நாகசாகிக்கு வந்தார். கல்லச்சுப் பொறி ஓட்டத் தெரிந்தவர். தடை நீங்காத காலத்திலேயே செபங்களையும் மறைக்கல்வியையும் அச்சிடத் தொடங்கினார்கள். 1869இல் அவர்கள் வெளியிட்ட நூல்களில் ஒன்று எது தெரியுமா? 250 ஆண்டுகள் மக்கள் மனத்திலும் கைப்படிகளிலும் காத்து வைத்திருந்த அதே மனஸ்தாப நூல். குருக்கள் மக்களிடமிருந்து வாங்கி அச்சிட்டார்கள். கொடுத்தது ஒருகாலம், பெற்றுக்கொண்டது ஒருகாலம்.

சில ஆண்டுகளில், 1877 வாக்கில், எழுத்து வாசிக்காதவர்களுக்காகப் பெரிய மரக்கட்டை அச்சுப் படங்களும் வந்தன. மொத்தம் பத்து. ஐந்து திரு இருதயம், மாதா, சூசையப்பர், இராயப்பர், சின்னப்பர் படங்கள். மற்ற ஐந்தும் மறுமையைப் பற்றியவை: நல்லவனின் மரணம், தீயவனின் மரணம், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்கள், நரகம், உயிர்ப்பும் பொதுத் தீர்வையும். சீனாவின் ஷாங்காயில் சேசு சபையார் வெளியிட்ட படங்களை முன்மாதிரியாக வைத்துச் செய்தவை என்றாலும், நல்லவனின் மரணத்தில் படுத்திருப்பவரும் சுற்றி இருப்பவர்களும் ஜப்பானியர். பாரீசு நூலின் உழவனுக்கு ஓரத்தில்தான் இடம். இங்கே படம் அவன் முகத்துக்கே நேராக, அவன் பார்ப்பதற்காகவே செய்யப்பட்டது. எலும்புக்கூட்டின் நடனத்தைவிட இந்தப் படுக்கையறைக் காட்சி எனக்கு அதிகம் பிடிக்கும் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. சாகிறவரின் கையை யாரோ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் திருச்சபை முதலில் சொல்ல வேண்டும், பயமுறுத்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, நம் கைக்கு இந்தப் புத்தகம் எப்படி வந்தது? சுருக்கமாகச் சொல்கிறேன். 1614இன் சடங்கு நூல் ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு இலத்தீனிலேயே நம் கல்லறைகளில் ஒலித்தது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பரில், அடக்கச் சடங்கு கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்கா தன்மையை இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும், அந்தந்த நாட்டு வழக்கங்களுக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்றும் கூறியது. 1969இல் புதிய அடக்கச் சடங்கு வந்தது. இறந்தவர் வீட்டில், கோயிலில், கல்லறையில் என்று மூன்று இடத்துச் செபங்கள் அதில் உள்ளன. கறுப்பு உடுப்புக்குப் பதிலாக ஊதாவும் வெள்ளையும் வந்தன. செபங்கள் தமிழாயின. குருவோ திருத்தொண்டரோ கிடைக்காத இடத்தில், ஆயர் பேரவையின் அனுமதியோடு, திருப்பலி நீங்கலான அடக்கச் சடங்கைப் பொதுநிலையினரே நடத்தலாம் என்றும் அந்த நூல் சொல்கிறது. நாகசாகியின் 250 ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு அந்த வரி வெறும் சட்டமாகத் தெரியாது.

பாஸ்கா தன்மை என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உயிர்த்த ஆண்டவரின் மெழுகுத்திரி பெட்டியின் அருகே எரிகிறதே, அதுதான். ஞானஸ்நானத்தில் தெளித்த தண்ணீரையே கடைசியாக ஒருமுறை தெளிக்கிறோமே, அதுதான்.

இப்போது தூம்பா. பிரேதம் இல்லாமலும் மன்றாட்டுச் சொல்லலாம் என்று பழைய நூலில் ஏன் வைத்தார்கள் என்பதைக் காசிமேட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் நம் பங்குப் பதிவேடுகளில் இருக்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை, குழி இல்லை, சிலுவை நட இடமில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த நாளைச் சாவு நாள் என்று வைப்பது என்றுகூடத் தெரியாது. வெறும் பாடையைச் சுற்றி எரிந்த திரிகள் அவர்களுக்காகத்தான் எரிந்தன. 1945இல் அணுகுண்டு விழுந்தது ஊராகாமியின்மேல். 8,000க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் மடிந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் தேதி இடிந்த பேராலயத்தின் அருகே திறந்த வெளியில் அவர்களுக்கான பூசை நடந்தது. அங்கும் பெரும்பாலோருக்குப் பெட்டி இல்லை.

உரிமை என்று மேலே சொன்னேன். அது எங்கோ தூர தேசத்துப் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2020 ஏப்ரலில் இதே சென்னையில், தொற்றுநோயில் இறந்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது, கூட்டம் கல்லெறிந்தது. இரவோடு இரவாக வேறோர் இடத்தில் ஒரு சில நண்பர்கள் குழி மூடினார்கள். அந்த நாட்களில் எத்தனையோ பேரைச் செபமில்லாமல், பாட்டில்லாமல் மண்ணில் வைத்தோம். அப்போதுதான் பலருக்கு இந்தப் புத்தகத்தின் அருமை தெரிந்தது.

நம் வடசென்னைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு, மரண கானா. இரவு முழுக்க விழித்திருந்து செத்தவரின் பெயரைச் சொல்லிப் பாடுவது. சில பங்குகளில் அதை முகம் சுளித்துப் பார்க்கிறோம். குடியும் சண்டையும் சேரும்போது சுளிக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய துறவியர் பிரேதத்தைச் சுற்றி இரவில் விழித்திருந்து சங்கீதம் பாடியதும் இதே மனத்தோடுதான். தனியாக விட்டுவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம். வீட்டில் விழித்திருக்கும் இரவுக்கென்று நம் சடங்கு நூலிலும் செபங்கள் இருக்கின்றன. கானாவுக்கு முன் ஒரு மணி நேரம் அதற்குக் கொடுத்தால், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள். பேண்டு வாத்தியமும் பூப்பல்லக்கும் நாம் ஏற்பாடு செய்கிறோம். குழியருகே குருவானவர் மன்றாட்டைச் சொல்லும்போது பதில் சொல்வது மட்டும் இரண்டு மூன்று பேராக இருக்கிறது. மற்றவர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். கறுப்பு எழுத்தில் பாதி உங்களுடையது, நேயர்களே. அதை அச்சிட்டவர்கள் உங்களுக்கென்று வரி விட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த இளைஞரை மறுபடி பார்த்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தார். பூசை முடிந்ததும் சக்கிரீசுக்குக் கூப்பிட்டு, புத்தகத்தைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தேன். “எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னேன் இல்ல, ஒரே ஒரு இடம் மட்டும் ஒவ்வொருத்தருக்கும் வேற” என்று சொல்லி, செபத்தின் நடுவே இருக்கும் ஒரு சொல்லைக் காட்டினேன். கறுப்பு வரிக்கு நடுவில் அது மட்டும் சிவப்பு. பழைய இலத்தீன் நூல்களில் அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். நம் தமிழ் நூலில் ‘பெயர்’ என்று இருக்கிறது.

அவர் அதன்மேல் விரலை வைத்து, வரியை முதலிலிருந்து மெதுவாகப் படித்தார். அந்த இடம் வந்ததும் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். மேலே படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.